மருந்தோடு வந்த வியாதி

எங்கள் மாஸ்டர் 1992 தீபாவளி சமயத்தில் கம்ப்யூட்டர் வாங்கினார். உத்திரமேரூரில் அது முதல் கம்ப்யூட்டரா இரண்டாவதா என்பதில் தகராறு உண்டு. ரைஸ் மில்காரர் ஒருவர் அதற்கு ஆறு மாசம் முன்பே ஒன்று வாங்கி, அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் பூஜை அறையில் வைத்திருந்ததாகப் பேச்சு. பிரிக்காத கம்ப்யூட்டர் கணக்கில் சேராது என்பது மாஸ்டர் கட்சி.

மாஸ்டர் என்றால் டைப்ரைட்டிங் மாஸ்டர். வீட்டு முன் அறையில் ஏழு மெஷின் போட்டு, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி தடதடவென்று நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் ஹையர் பாஸ் பண்ணித்தான் எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. அதனால், கம்ப்யூட்டர் வந்ததும் எனக்கு இன்லண்ட் லெட்டர் வந்தது. 'தம்பி, நீ ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறாய் என்று அப்பா சொன்னார். பொங்கலுக்கு வரும்போது ஒரு எட்டு வந்துவிட்டுப் போகவும்.'

நான் ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்தது வாஸ்தவம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்ததையும் சேர்த்து ஆறு மாசம் இருக்கும். ஊருக்கு அது போதும்.

பொங்கலுக்குப் போனேன். பழைய டைனிங் டேபிள் மேல், மாஸ்டர் அம்மாவின் சுங்கடிப் புடவையால் போர்த்தி, சுவாமி மாதிரி வைத்திருந்தார்கள். 286 மெஷின், 40 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், ஆரஞ்சு எழுத்து மானிட்டர். இன்றைக்கு உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரு நிமிஷ வீடியோ அந்த ஹார்ட் டிஸ்க்குக்குள் அடங்காது. அதில் மூணு ரைஸ் மில்லின் வரவு செலவு, இன்ஸ்டிடியூட் ஃபீஸ் கணக்கு, மாஸ்டர் சம்சாரம் நடத்திய சீட்டு எல்லாம் இருந்தன. அதற்கு மேலும் பாதி காலி.

வாசலில் ஒரு போர்டு. 'செருப்பை வெளியே விடவும். ஜலதோஷம், இருமல் உள்ளவர்கள் உள்ளே வரவேண்டாம்.'

"ஜலதோஷம் எதுக்கு மாஸ்டர்?"

"வைரஸ் வரும்னு பேப்பர்ல போட்டிருந்தான்பா."

சிரிக்காதீர்கள். அந்த வருஷங்களில் மெட்ராஸில் டை கட்டினவர்களே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறைக்கு ஏ.ஸி. போட்டதே கிருமி வராமலிருக்கத்தான் என்று எங்கள் ஹெட் கிளார்க் சொல்வார்.

அவருக்கு ஜோஷியோடு ஒரு அனுபவம் உண்டு. அந்த வருஷம் ஜனவரி 5-ம் தேதி டைப்பிஸ்ட் அம்மாள் தன் மெஷினைப் போட்டதும், ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தை டைப் அடி என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் நகரவில்லை. ஹெட் கிளார்க் ஓடி வந்து பார்த்தார். "ஜோஷி யாரும்மா? பம்பாய் ஹெட் ஆபீஸ்ல புதுசா ஜி.எம். வந்திருக்காரா? ஒரு தந்தி கொடுத்துடலாமா?" என்றார். கடைசியில் டைப்பிஸ்ட் அம்மாள் பொறுமையாக 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று அடித்தார். மெஷின் சமத்தாக வேலைக்குத் திரும்பிவிட்டது.

ஜோஷி நம் நாட்டுச் சரக்கு. 1990-ல் இந்தியாவில்தான் முதலில் அகப்பட்டது. வருஷத்தில் ஒரு நாள் வாழ்த்து கேட்கும், மற்ற நாட்களில் ஃப்ளாப்பிக்கு ஃப்ளாப்பி தாவிக்கொண்டிருக்கும். மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் போய்விடும் என்று நினைத்தால், போகாது. உள்ளேயே உட்கார்ந்துகொண்டு புதிதாகப் பிறந்த மாதிரி பாவனை காட்டும். கரண்டை அணைத்தால்தான் மெமரியிலிருந்து இறங்கும்.

இந்த மாதிரிச் சமாசாரங்கள் எங்கே எப்படி ஆரம்பித்தன என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் வைரஸ் அமெரிக்காவில் பிறக்கவில்லை, லாகூரில் பிறந்தது. 1986. பாஸித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்று இரண்டு சகோதரர்கள் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். தாங்கள் எழுதிய புரோகிராமை ஊரார் ஓசியில் காப்பி அடிக்கிறார்கள் என்ற கோபத்தில், 'பிரெய்ன்' என்று ஒன்றை எழுதி விட்டார்கள். அதற்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் போட்டு, தடுப்பூசிக்கு எங்களை அணுகவும் என்று எழுதியும் வைத்தார்கள். வியாதியும் வைத்தியர் விலாசமும் ஒரே பொட்டலத்தில். அமெரிக்காவிலிருந்தெல்லாம் போன் வர ஆரம்பித்ததும் அவர்களே திகைத்துப்போனார்களாம்.

பிரெய்ன் யார் தரவையும் அழிக்க வரவில்லை. ஆனால் அது செய்த ஒரு தந்திரம் முக்கியமானது. ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும் முதல் பகுதியை பூட் செக்டார் என்பார்கள். கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான். பிரெய்ன் அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, அங்கே இருந்த ஒரிஜினலை வேறு மூலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். பிறகு யாராவது சந்தேகப்பட்டு 'முதல் பகுதியைக் காட்டு' என்று கேட்டால், ஒளித்துவைத்த ஒரிஜினலை எடுத்து நீட்டும். ரேஷன் கடையில் இன்ஸ்பெக்டருக்கு மட்டும் நல்ல அரிசி மூட்டையைப் பிரித்துக் காட்டுகிற மாதிரி.

அதற்கு முந்தின தலைமுறை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1984-ல் மத்திய சர்க்கார் 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் போட்டு, சுமார் 250 பள்ளிக்கூடங்களுக்கு பி.பி.ஸி. மைக்ரோ என்ற இங்கிலாந்து மெஷினைக் கொடுத்தது. அதன் மூளை முழுக்க சிப்பில் அச்சடித்தது, மாற்றி எழுத முடியாது. அணைத்தால் எல்லாம் துடைத்துப் போய், மறுநாள் குளித்து விபூதி பூசின மாதிரி எழுந்திருக்கும். எப்போது ஃப்ளாப்பியிலிருந்து விழிக்கிற வழக்கம் வந்ததோ அப்போது வைரஸும் வந்தது. ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு பையன்கள் கேம் விளையாடிய அமிகாவில் 1987-லேயே ஒன்று பரவிவிட்டது. சுவிஸ் பையன்கள் எழுதியது. கேம் ஃப்ளாப்பியைக் கைமாற்றினார்கள், கூடவே அதுவும் போயிற்று.

கைமாற்று என்றதும் நம் கதைக்கு வரலாம்.

ஜோஷி வந்து போனதும் ஆபீஸில் ஒரு நண்பர் எனக்கு ஆன்ட்டிவைரஸ் ஃப்ளாப்பி ஒன்று கொடுத்தார். ஜான் மெக்கஃபி என்ற அமெரிக்கர் எழுதிய புரோகிராம். முதலில் உபயோகித்துப் பார், பிடித்திருந்தால் பணம் அனுப்பு என்கிற ஏற்பாடு. எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பணம் அனுப்பியவர் யாரையும் எனக்குத் தெரியாது. நண்பர் யாரிடமோ காப்பி அடித்தார், அவரிடம் நான். நான் அந்த ஃப்ளாப்பியைக் காஷ் செக்ஷன் மெஷினில் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறது என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, பனியனுக்கும் வேட்டிக்கும் நடுவில் பத்திரமாக வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன்.

மாஸ்டர் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. ஃப்ளாப்பியைச் செருகி, கட்டளையை அடித்து, எண்டர் தட்டினேன். பைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. மாஸ்டரின் அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா பண்றான்?" என்றார். "நாடி பிடிச்சுப் பாக்கறான்" என்றார் மாஸ்டர். கடைசியில் வைரஸ் எதுவும் இல்லை என்று வந்தது. எனக்கு ஒரு டம்ளர் பாயசம் கிடைத்தது.

பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். எல்லாம் மாஸ்டருக்குக் கட்டுப்படியாகாது. கால் மணியில் கரண்ட் வந்தது, மெஷின் தானாக உயிர் பெற்றது. திரையில் இரண்டு வரி: இது ஸிஸ்டம் டிஸ்க் இல்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு கீயைத் தட்டவும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் தொட்ட எல்லோருக்கும் அந்த இரண்டு வரி மனப்பாடம். ஃப்ளாப்பியை உள்ளேயே விட்டிருந்தேன். உருவி எடுத்தேன், ஸ்பேஸ் பாரைத் தட்டினேன், மெஷின் ஒழுங்காக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அங்கே ஒரு பையன் இருந்தான். பதினேழு வயசு, ப்ளஸ் டூ முடித்தவன். காலையில் இன்ஸ்டிடியூட்டைப் பெருக்கி, மெஷின்களுக்கு எண்ணெய் போட்டு, பகலில் மில் கணக்கை ஏற்றுவான். சம்பளம் கிடையாது, கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் சம்பளம். மெல்லக் கேட்டான்: "அண்ணா, நம்ம மெஷினை அது பாத்துச்சு. அந்த ஃப்ளாப்பியை யாரு பாத்தாங்க?"

நல்ல கேள்வி என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, "போய் ஒரு வாட்டர் சொம்பு கொண்டா" என்றேன்.

மார்ச் 6, 1993. சனிக்கிழமை. எங்கள் ஆபீஸுக்கு லீவு. மாஸ்டருக்கு ஏது லீவு? காலை ஏழு மணிக்குப் பையன் மெஷினைப் போட்டிருக்கிறான். ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம், அணையவேயில்லையாம். பிறகு எதுவும் வரவில்லை. அணைத்துப் போட்டும் வரவில்லை. மூணு மில்லின் வருஷக் கணக்கு, மார்ச் முடிவுக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது, போயே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டிரங்க் கால் வந்து, ஓடினேன். மாஸ்டர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மில்காரர்கள் காலையிலேயே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பையன் சுவரோரமாக நின்றான். மேஜை மேல் சாட்சி மாதிரி ஒரு ஃப்ளாப்பி. டிக்கர் என்ற கேம். மண்ணைத் தோண்டித் தோண்டிக் காசு எடுக்கிற விளையாட்டு, நீங்களும் ஆடியிருப்பீர்கள். காஞ்சிபுரத்தில் ஒரு சிநேகிதனிடம் வாங்கி, மாஸ்டர் மத்தியானம் தூங்கும்போது விளையாடியிருக்கிறான்.

"இதுலேர்ந்துதானப்பா வந்திருக்கும்?" என்றார் மாஸ்டர்.

நான் நிபுணன். பாயசம் குடித்தவன். "வேற எதுலேர்ந்து மாஸ்டர்? கேம் ஃப்ளாப்பியிலதான் இதெல்லாம் வரும்" என்றேன்.

பையன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

அந்த மறுநாள், திங்கட்கிழமை, ஆபீஸுக்கு மெயின்டனன்ஸ் இன்ஜினீயர் வந்தார். நான் நடந்ததைக் கதையாகச் சொன்னேன். அவர் என் ஆன்ட்டிவைரஸ் ஃப்ளாப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பழைய அஞ்சேகால் அங்குல ஃப்ளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதன் மேல் வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு சின்ன ஸ்டிக்கரை மடித்து ஒட்டிவிட்டால், டிரைவே அதில் எழுத மறுத்துவிடும். எந்த வைரஸாலும் அதை மீற முடியாது. ஒரு பெட்டி ஃப்ளாப்பி வாங்கினால் ஒரு தாள் ஸ்டிக்கர் இலவசம். நாங்கள் அவற்றை டிபன் பாக்ஸில் பெயர் எழுதி ஒட்ட உபயோகித்தோம்.

"ஸ்டிக்கர் எங்கே ஸார்?" என்றார்.

பிறகு காஷ் செக்ஷன் மெஷினில் 'செக்டிஸ்க்' என்று அடித்தார். அது மெமரி எவ்வளவு என்று ஒரு எண் காட்டும். 6,55,360 என்று காட்டவேண்டும். 6,53,312 என்று காட்டியது.

"ரெண்டாயிரத்து நாற்பத்தெட்டு குறையுது பாருங்க. அதுல ஒருத்தர் குடியிருக்கார். போன வருஷம் உலகமே பயந்ததே, மைக்கேலேஞ்சலோ, அவர்தான்."

எனக்கு ஞாபகம் வந்தது. 1992 மார்ச்சில் பேப்பரெல்லாம் அதே பேச்சு. 1991-ல் கண்டுபிடித்த வைரஸ், மார்ச் 6-ம் தேதி மெஷினைப் போட்டால் ஹார்ட் டிஸ்க்கில் குப்பையை எழுதிவிடும். அன்றைக்கு இத்தாலிய ஓவியர் மைக்கேலேஞ்சலோவுக்குப் பிறந்தநாள் என்பதால் ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பெயர். வைரஸுக்குள் ஓவியர் பெயர் கிடையாது. எழுதினவனுக்கு அவரைத் தெரியுமோ என்னவோ, ஒருவேளை அவன் மாமனார் பிறந்தநாளாகக்கூட இருக்கலாம். ஐம்பது லட்சம் கம்ப்யூட்டர் வரை போகலாம் என்று மெக்கஃபி சொன்னதாகச் செய்தி. கடைசியில் உலகம் பூராவும் சில ஆயிரங்களோடு நின்றது, ஆன்ட்டிவைரஸ் விற்றவர்களுக்கு நல்ல வியாபாரம். எங்கள் ஆபீஸில் ஹெட் கிளார்க் ஒரு சுலப வழி கண்டுபிடித்தார். மார்ச் 5 சாயங்காலம் எல்லா மெஷினிலும் தேதியை 7 என்று மாற்றிவிட்டார். ராகுகாலம் கழித்துப் புறப்படுவது மாதிரி. ஆபத்து நீங்கியது. வைரஸ் நீங்கவில்லை, அடுத்த வருஷத்துக்காகக் காத்திருந்தது. அடுத்த வருஷம் அந்தத் தேதி சனிக்கிழமையில் விழுந்து, எங்கள் ஆபீஸ் தப்பித்தது. நான் பனியனுக்குள் வைத்துக் கொண்டுபோன வீடு தப்பவில்லை.

"ஆனா ஸ்கேன் பண்ணப்போ எதுவும் இல்லைன்னுதானே வந்தது?"

"வரும். உங்க காப்பி எந்த வருஷத்துது? தொண்ணூறு கடைசி. இது கண்டுபிடிச்சதே தொண்ணூத்தி ஒண்ணுல."

அப்போதுதான் ஆன்ட்டிவைரஸ் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. அது வைத்தியர் இல்லை, போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டின போட்டோ. ஒவ்வொரு வைரஸிலிருந்தும் அதற்கே உரிய பத்துப் பதினைந்து எழுத்தைப் பொறுக்கி ஒரு ஜாபிதா போட்டு, டிஸ்க்கில் அந்த வரிசை எங்காவது வருகிறதா என்று தேடும். ஜாபிதாவில் பெயர் இல்லாதவன் தாராளமாக உள்ளே போகலாம். 1992 வாக்கில் உலகத்தில் ஆயிரத்துக்கு மேல் வைரஸ் இருந்தது. மாசா மாசம் புதிது. என்னிடம் இருந்ததோ பழைய வாக்காளர் பட்டியல்.

இதைவிடப் பெரிய சங்கதியை அவர் அடுத்துச் சொன்னார். புதுப் பட்டியலே இருந்தாலும், வைரஸ் ஏற்கெனவே மெமரியில் உட்கார்ந்த மெஷினில் ஆன்ட்டிவைரஸை ஓட்டிப் பிரயோஜனம் குறைவு. டிஸ்க்கைப் படிப்பது யார் வழியாக? அவர் வழியாக. பிரெய்ன் மாதிரி ஆசாமிகள் ஒரிஜினலை எடுத்து நீட்டிவிடுவார்கள். வீட்டில் திருடன் இருக்கிறானா என்று திருடனையே கேட்பதற்குச் சமம். சில பேர் பைல் பைலாகத் திறந்து பார்க்கும் ஆன்ட்டிவைரஸின் கையைப் பிடித்துக்கொண்டே போய், அது தொட்ட பைலிலெல்லாம் ஒட்டிக்கொள்வார்களாம். முறை என்னவென்றால்: கரண்டை முழுசாக அணை. ஸ்டிக்கர் ஒட்டின, சுத்தமென்று நிச்சயமாகத் தெரிந்த டாஸ் ஃப்ளாப்பியைப் போட்டு அதிலிருந்து விழிக்கவை. பிறகு அந்த வெளியாள் கண்ணால் ஹார்ட் டிஸ்க்கைப் பார். எந்த ஆன்ட்டிவைரஸ் புத்தகத்தைப் பிரித்தாலும் இதுதான் முதல் பக்கம். காப்பி அடித்தவர்களிடம் புத்தகம் ஏது?

எங்கள் ஊர்க்காரனுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது உங்களுக்கும் தெரியும். பரீட்சைக்குப் படித்து மறந்திருப்பீர்கள். யாரெல்லாம் வாரியத்தில் உட்காரக்கூடாது என்று அதில் நீளமாக ஒரு ஜாபிதா. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன், அவன் மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை பிள்ளை வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை. பிறர் சொத்தைத் திருடினவன் கூடாது. 919-ல் ஒரு தடவை வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில், 921-ல், திருத்தி மறுபடி வெட்டினார்கள். முதலில் வயசு முப்பதிலிருந்து அறுபது என்றிருந்தது முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆயிற்று. கல்லில் வெட்டின ஜாபிதாவையே இரண்டு வருஷத்தில் புதுப்பித்திருக்கிறார்கள். நான் ஃப்ளாப்பியில் இருந்ததைப் புதுப்பிக்கவில்லை.

சீட்டு எடுக்கிற விதத்தையும் எழுதியிருக்கிறது. குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டவேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லவேண்டும். அதைக் காலியான வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கவேண்டும். ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். மத்தியஸ்தன்தான் என்று யாரும் அவனை நம்பிவிடவில்லை. சோதிக்கிற கையையே முதலில் சோதித்திருக்கிறார்கள். அந்தக் கோயில் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரம். பொங்கலன்று மெட்ராஸிலிருந்து வந்து இறங்கி, அதைத் தாண்டித்தான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

மாஸ்டரிடம் எப்போது சொன்னேன் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயம். மார்ச் 8-ம் தேதி எனக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியில் சொன்னேன். நடுவில் ஏழு வாரம். ஆடிட் இருந்தது, ஜலதோஷம் இருந்தது, பஸ்ஸில் கூட்டம் இருந்தது. சொல்லாமலிருக்கக் காரணத்துக்குப் பஞ்சமா? அதற்குள் மாஸ்டர் மில்களிலிருந்து பில் புத்தகங்களை மூட்டையாகக் கொண்டுவந்து, ஹையர் படிக்கிற பெண்களை வைத்து ராத்திரி பகலாக மறுபடி ஏற்றி முடித்திருந்தார். ஒரு மில் போய்விட்டது. கணக்கை மறுபடி நோட்டிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மாஸ்டர் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"டைப் அடிக்கிறப்போ தப்பு வர்றது சகஜம்பா. தப்பு வந்த பேப்பரை அடுத்தவன் நோட்டுல சொருகக்கூடாது" என்றார். "அவன் வீடு எங்கன்னு தெரியுமில்ல? போய்ச் சொல்லிட்டு வா."

போனேன். தறிக்காரர்கள் தெருவில் கடைசி வீடு. பையன் இல்லை. செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்துவிட்டான் என்றார் அவன் அம்மா. "கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டான்னு பேர் வந்துடுச்சே, ஊர்ல எவன் வேலை குடுப்பான்?" என்று என்னிடமே கேட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. விலாசம் வாங்கி ஒரு லெட்டர் எழுதினேன். பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேனா, தெரியாது.

மாஸ்டர் பிறகு பணம் கொடுத்து, ரசீதோடு, ஓர் ஆன்ட்டிவைரஸ் வாங்கினார். ரசீதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்திருந்த காலம் அது. சென்னையில் கேசவர்த்தனன் கே-7 என்ற கம்பெனியை ஆரம்பித்தது 1991-ல். இன்றைக்கும் இருக்கிறது. புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார் கைலாஷ் கட்கர். ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டர்களில் பாதிக்கு வியாதி வைரஸ்தான் என்று பார்த்து, காலேஜில் படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சயை மருந்து எழுதச் சொன்னார். 1995-ல் டாஸுக்கான க்விக் ஹீல் வந்தது. ரிப்பேர் கடைக்காரர் ஆன்ட்டிவைரஸ் எழுதுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜோஷி நம் ஊரில் சுற்றுகிறான், அவன் போட்டோ முதலில் யார் கையில் கிடைக்கும்? கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கா, புனேயில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பவருக்கா? புதுப் பட்டியல் ஃப்ளாப்பியில், தபாலில்தான் வரும். மைக்ரோசாஃப்ட்டே 1993-ல் டாஸ் 6-ஓடு ஓர் ஆன்ட்டிவைரஸை இனாமாக இணைத்துக் கொடுத்தது. நம்மவர்கள் பட்டியலைப் புதுப்பிக்காமல் வருஷக்கணக்கில் அதையே ஓட்டி, எதுவும் இல்லை, எதுவும் இல்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். எனக்குப் பரிச்சயமான நிம்மதி.

சில வருஷம் முன்னால் அப்பாவின் பட்டா விஷயமாக உத்திரமேரூர் போயிருந்தேன். பேப்பரெல்லாம் பென் டிரைவில் இருந்தது, பிரிண்ட் எடுக்கவேண்டும். பஸ் ஸ்டாண்ட் எதிரில் பெரிய கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், பாஸ்போர்ட் போட்டோ, நாலு கம்ப்யூட்டர், நாலிலும் பெண்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கண்ணா. மாஸ்டர் பேட்ச்தானே நீங்க?"

எனக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. "லெட்டர் ஒண்ணு போட்டிருந்தேன்..." என்றேன்.

"வந்துச்சுண்ணா. வெச்சிருக்கேன்" என்றார். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எனக்கு டீ சொல்லச் சொன்னார். மாஸ்டர் கடைசி வருஷங்களில் இந்தக் கடைக்குத்தான் தினமும் பேப்பர் படிக்க வருவாராம். பேசிக்கொண்டே பென் டிரைவை வாங்கிக்கொண்டார்.

நாலு கம்ப்யூட்டரும் காலியாகத்தான் இருந்தன. அவர் அவற்றின் பக்கம் போகவில்லை. மூலையில், நெட் கனெக்ஷன் இல்லாமல் தனியாக வைத்திருந்த ஒரு பழைய லேப்டாப்பில் என் பென் டிரைவைச் செருகினார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா, ரெண்டே நிமிஷம்" என்றார். "யார் குடுத்தாலும் மொதல்ல இதுல போட்டுப் பாத்துடுவேன்."